குளச்சல் கரையில் ஏழாம் வாய்ப்பாடு

இக்கட்டுரையில் வருபவை:

1. நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் வழியும் செலவும்
2. அங்கே எங்கள் இலவச வகுப்பின் நிலை
3. பிள்ளைகள் வராத வகுப்பை மூடிவிடுவதே நியாயம் என்பது
4. இத்தகைய வகுப்புகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

புறப்படுவதற்கு முந்தின நாளே தலைப்புகளை எழுதி வைத்துக்கொள்வது, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்து என் வழக்கம். அவற்றை இருந்தபடியே விட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்புகள் நடத்தி வருகிறோம். மற்ற இருவரும் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். பிள்ளைகள் முன்னால் நின்றால் எனக்குக் குரல் எழும்பாது. ஆகவே நான் காரியதரிசி. திருவட்டாற்று வகுப்பில் ஒரே அரிக்கேன் விளக்கைச் சுற்றி நெருக்கியடித்து உட்காருகிறார்கள். பாதிப் பேருக்குச் சிலேட்டு இல்லை. குளச்சலிலோ ஒரு மாதமாகக் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை என்று கேள்விப்பட்டோம். குளச்சல் வகுப்பை மூடி, அங்குள்ள விளக்கையும் சிலேட்டுகளையும் திருவட்டாற்றுக்கு அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான். அப்படியானால் நீரே போய் எடுத்து வாரும் என்று சொல்லிவிட்டார்கள். 1934 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை, கையில் ஒரு சாக்கோடு புறப்பட்டேன்.

குளச்சல் சுமார் பதின்மூன்று மைல். பஸ்ஸுக்குத் திருவிதாங்கூர்க் காசில் ஏழு சக்கரம். பகல் ஒரு மணிக்குப் புறப்படும் என்றார்கள். ஆள் நிறைந்து புறப்படும்போது ஒன்றே முக்கால். திங்கட்சந்தையில் வாழைக்குலை ஏற்ற அரைமணி நேரம் நின்றது. கண்டக்டர் என் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, சாளை வாங்கவா போறிய?"

"நான் மீன் சாப்பிடுயதில்ல."

"பின்ன குளச்சலுக்கு எதுக்குப் போறிய?"

பஸ்ஸே சிரித்தது. சிலேட்டு எடுக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கொட்டகையை அடைந்தேன். ஓலைக் கூரை நன்றாகத்தான் இருந்தது. சிலேட்டுகள் மூலையில் அடுக்கியபடி இருந்தன. பாயில் மணல் படிந்திருந்தது. நாலரை மணி வகுப்புக்கு ஐந்து மணி வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. சிலேட்டுகளைச் சாக்கில் போடத் தொடங்கியபோது வகுப்பை நடத்தும் பிலோமினா வந்துவிட்டார். ஏழாம் வகுப்பு வரை படித்த மீனவக் குடும்பத்துப் பெண். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"மூடத்தான வந்திருக்கிய?"

"பிள்ளைகள் வரல்லியே, அம்மா."

"பிள்ளைகளக் கண்டியளா முதல்ல? வாங்க. சாக்கு இஞ்சயே கெடக்கட்டும், ஒருத்தரும் தூக்க மாட்டாவ."

கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்கு: வள்ளத்தில் போய்க் கடலில் மடியை, அதாவது பெரிய வலையை, வளைத்து விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். கயிற்றின் வால்பக்கம் முழுவதும் எங்கள் வகுப்புப் பிள்ளைகள்.

"சீசன்லா சாரே. கயிறு பிடிச்சா ஒரு கை மீனு கிட்டும். வீட்டுல அடுப்பு எரியணும்லா?" என்றார் பிலோமினா.

அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. முன்னால் நின்ற அந்தோணி மூப்பர், "ஈராறு!" என்று எடுத்துக் கொடுத்தார். "பன்னெண்டு!" என்று பிள்ளைகள் இழுத்தார்கள். "மூவாறு!" "பதினெட்டு!" நரைத்த தலைகளும் சேர்ந்துதான் சொல்லின. பழைய இழுப்புப் பாட்டை நிறுத்திவிட்டு வாய்ப்பாட்டை நுழைத்தது பிலோமினாவின் வேலை. இழுத்து முடித்து மீன் பிரிக்கும் நேரத்தில், ஈர மணலில் குச்சியால் எழுதப் பழக்குகிறாராம்.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லுமா இதுகள்?" என்று கேட்டேன்.

"ஆறு முடியதுக்குள்ள மடி கரைக்கு வந்துரும். ஏழுக்கு எங்க நேரம்?" என்று சிரித்துவிட்டு, தூரத்திலிருந்த மற்றக் கயிற்றுக்கு ஓடிவிட்டார்.

வாய்ப்பாடு மட்டும் படிப்பாகிவிடுமா என்று நான் எனக்குள் வாதாடிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மடி கனம். "பதினாறாறு!" "தொண்ணூத்தாறு!" என்று முடிந்தபோதும் வலை அலைக்கு அப்பால்தான் கிடந்தது. மூப்பர் மறுபடி ஓராறு என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் இழுத்தார்கள். இழுப்பு கலைந்து கயிறு கடல் பக்கம் வழுக்கியது.

"ஏலே, விடாதிங்கடே! மீனு போவுது!"

ஒரு சிறுமி திரும்பி என்னைப் பார்த்தாள். "தாத்தா, ஆறுக்குப் பெறவு என்னா?"

"ஓரேழு ஏழு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பெரியவரே, கஞ்சி குடிக்கலியா? சத்தமா!" என்றார் மூப்பர்.

"ஓரேழு!" என்று கத்தினேன். "ஏழு!" என்று அவர்களே ஊகித்து இழுத்தார்கள். ஈரேழுக்கு விடையையும் நானே சொன்னேன். நாலேழில் நானும் கயிற்றைப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. பதிமூவேழில் எனக்கே சந்தேகம் வந்து ஒரு நொடி தயங்கியபோது, பின்னாலிருந்து அந்தச் சிறுமி, "எம்பத்துநாலோட ஏழக் கூட்டும் தாத்தா!" என்றாள். தொண்ணூற்றொன்றில் மடி கரையேறியது. உள்ளே நெத்திலி வெள்ளியாகத் துள்ளியது.

எனக்கும் ஒரு கை மீன் கொடுத்தார்கள். அதை அந்தச் சிறுமியின் ஓலைப்பெட்டியில் போட்டேன். பிலோமினா அரிக்கேனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "இதத் திருவட்டாத்துக்குக் கொண்டு போங்க. மடி இழுக்க வெளிச்சம் கடலுக்க மேல இருக்கு. சிலேட்டு மட்டும் கெடக்கட்டும், மழைக்காலத்துல மணலு கிட்டாது." திருவட்டாற்றுப் பிள்ளைகளின் சிலேட்டுக்கு நாங்கள் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: கடைசி பஸ் ஆறரைக்கு, நான் தவறவிட்டுத் தெரிந்த கடைக்காரர் வீட்டில் படுத்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கு முன், மடி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சாக்கு கொண்டு போக வேண்டாம்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது; கொட்டகையில் ஒரு மணி நேரம் காத்திருந்த நான்தான் அதற்குப் போகவில்லை.