உள்ளங்கையில் இரண்டு சுற்று

நான் கால்நடை மருத்துவர். திருவெள்ளறைப் பக்கம் ஒரு பால் பண்ணையில், மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். எந்த மாட்டைத் தொடும் முன்பும் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்: தரை வழுக்குகிறதா, பின்கால் கட்டியாயிற்றா, கயிற்றை எப்படிப் பிடித்திருக்கிறார்கள்.

அன்று பிடித்தவர் அங்கே பால் கறக்கும் செல்வி அக்கா. கயிற்றைத் தூணில் கட்டச் சொன்னேன்.

"தூணுல கட்டினா மிரளும் டாக்டரம்மா. நான் புடிச்சா மாமியார் மெச்சுற மருமக மாதிரி நிக்கும்" என்று சிரித்தார்.

நழுவாமலிருக்கக் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்படிச் சுற்றவே கூடாது. பார்த்தேன். இன்னும் மூன்று மாடுகள் காத்திருந்தன. ஒன்றும் சொல்லாமல் ஊசியைக் குத்தினேன்.

மாடு தலையை ஒரே உதறாக உதறியது. அக்கா கத்தவில்லை. "மருந்து முழுசா எறங்கிடுச்சா?" என்றுதான் கேட்டார். கயிற்றைப் பிரித்தபோது அவருடைய கட்டைவிரல் தோலில் தொங்கியது.

திருச்சி ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் பார்க்கப் போனேன்.

"கறக்கிற கைடி அது. டாக்டரம்மா சொல்லியும் கேக்கலையே" என்று அவர் கணவர் திட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க சரியாப் புடிக்கல" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

நான் பார்த்துக்கொண்டேதான் ஊசி போட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "உடம்பப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா இப்போது கறப்பதில்லை, சாணம் அள்ளுகிறார். நான் கவனமான டாக்டர் என்று ஊரில் பேர் இருக்கிறது. அக்காவும் அப்படித்தான் சொல்கிறாராம்.