என் பெயரில் இறங்கியவள்

கண்டியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தமிழர் என்று இருந்தது இரண்டே பேர். ஒன்று யாழ்ப்பாணத்துக்காரியான நான். மற்றவள் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த மலையகத்துக்காரி, என்னைவிட நான்கு வயது இளையவள். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை, போர்டிங்கில் ஒரே அறை. நான் முன்கோபக்காரி, அவள் எதற்கும் சிரிப்பவள். அதனால்தான் அந்த அறையில் ஆறு வருடம் ஓடியது.

போர் நடந்துகொண்டிருந்த காலம். எப்போது வீடு சோதிக்க வந்தாலும் தேடித் திரியாமல் எடுத்து நீட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரம்மா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். வாசல் அலுமாரியின் மேல் ஒரு பிஸ்கட் டின். வேலையால் வந்ததும் எல்லோருடைய அடையாள அட்டையும், ஐசி என்போம், அதற்குள் போய்விட வேண்டும். காலையில் வெளிக்கிடும்போது அவரவர் எடுத்துக்கொள்ளலாம். சாவியை மறந்தாலும் அட்டையை மறக்கமாட்டோம். ஆனால் நாங்கள் இருவரும் அட்டைக்கு ஒரே மாதிரிக் கறுப்பு உறை வைத்திருந்தோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டாக வாங்கியது நான்தான்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு, எங்களோடு வேலை செய்த சிங்களப் பெண்ணொருத்தி எல்லோரையும் தன் ஊருக்கு அழைத்தாள். கலகெதர தாண்டி, குருநாகல் பக்கமாக இறங்கி, உள்ளே போகும் மண்பாதையில் ஒரு குளத்தடி ஊர். கண்டி அரசர்களுக்கும் முந்திய காலத்து ஊர் என்று பெருமை சொல்லுவாள். பத்துப் பேர் வான் பிடித்துப் புறப்பட்டோம். விடிந்தும் விடியாத நேரம், கரண்டும் இல்லை. நாங்கள் இருவரும் டின்னுக்குள் கையை விட்டு ஆளுக்கொரு உறையை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

மலை இறக்கத்தில் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் வானுக்குள் ஏறி அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். வடக்கில் எடுத்த அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும். கண்டிப் பக்கம் எடுத்ததில் சிங்களம் மட்டும். ஆகவே யார் வடக்கு என்று தெரிய வாசிக்க வேண்டியதே இல்லை, ஒரு பார்வை போதும். நான் வழக்கம் போலக் கேள்விகளுக்குத் தயாராகி உறையோடு நீட்டினேன். பிரித்துப் பார்த்தான், தந்துவிட்டான். அப்படி எனக்கு நடந்ததே இல்லை. முதலில் சந்தோஷம்தான் வந்தது.

பிறகு பின் சீற்றில் அவளிடம் போனவன் என் பெயரை உரக்க வாசித்தான். யார் இது என்று கேட்டான்.

இன்னொருவருடைய அட்டையோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விசாரணைக்கென்று கூட்டிப்போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் உண்டு. மாறிவிட்டது என்று சொன்னால் நாங்கள் இருவருமே மாட்டுவோம். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, நான்தான் என்று சுத்தமான சிங்களத்தில் சொல்லிவிட்டு எழுந்து இறங்கிப் போனாள்.

அட்டையில் இருந்த படம் அவளைக் காப்பாற்றியது. அந்தக் காலத்து அட்டைப் படத்தில் பெண்கள் எல்லோரும் ஒன்றுதான், நடு வகிடு, எண்ணெய்த் தலை, களவெடுத்துப் பிடிபட்ட முகம். மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றாள். கொப்பியில் பெயரை எழுதிவிட்டு, திரும்பி வரும்போது இதே இடத்தில் இறங்க வேண்டும், அப்போது பெரியவர் இருப்பார், அவர் விசாரிப்பார் என்று சொல்லி அனுப்பினான். வானில் இருந்தவர்கள் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அட்டை மாறியது அவர்களுக்குத் தெரியாது.

ஊர் அழகாக இருந்தது, அதை மறைக்கக்கூடாது. தாமரை படர்ந்த பெரிய குளம். தண்ணீருக்குள் இறங்கும் கற்படிகள். புல்லுக்குள் கூரை போன கல்தூண்கள். அரண்மனைக் கல்லில் ஒரு பெண் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். அரசன் இருந்த காலத்தைவிட அந்தக் கல்லுக்கு இப்போதுதான் நல்ல வேலை என்று எனக்குப் பட்டது. எங்களை அழைத்துப் போனவள் ஒவ்வொரு தூணாகக் காட்டிக்கொண்டே வந்தாள். தமிழ்ப் படை துரத்தி வந்ததால் அரசன் இங்கே ஓடி வந்து ஊர் கட்டினான் என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் அறைத்தோழி என் காதுக்குள் கேட்டாள்: "தொரத்துனது உங்க ஆளுங்களா அக்கா, எங்க ஆளுங்களா?"

சிரிப்பு வந்தது. சாவடியில் நின்று வந்தவள் பகிடி விடுகிறாள், நின்று வராத நான் திரும்பிப் போகும் வழியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சிவப்பரிசிச் சோறும் குளத்து மீனும் தாமரைக்கிழங்குக் கறியும் தந்தார்கள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன். "தாரும் என்ர ஐசியை, நான் இறங்கிறன்." இதுதான் நான் சொல்ல வேண்டிய வசனம். சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். என் சிங்களம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிங்களம். கொப்பியில் என் பெயர், ஆனால் அவர்கள் பார்த்தது அவள் முகம். இப்படி நியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பயந்தவளுக்கு நியாயத்துக்கா பஞ்சம்.

சாப்பிட்ட பிறகு மற்றவர்கள் விகாரைப் பக்கம் போக, நாங்கள் இருவரும் குளத்துப் படியில் இருந்தோம். அவளே பேச்சை எடுத்தாள்.

"சாயந்தரமும் நானே எறங்குறேன் அக்கா. அவன் என் மூஞ்சியத்தானே பார்த்திருக்கான்."

"யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவீர்? நீர் ஒருநாளும் அங்கை போகேல்லையே."

"சொல்லிக் குடுங்க. ஒங்க அப்பா என்ன வேலை? எந்த ஸ்கூல்ல படிச்சீங்க? வீட்டுக்குப் பக்கத்துல என்ன கோயில்?"

நான் மறுத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தேன். அப்பா தபாலதிபர். ஒழுங்கையின் முடிவில் பிள்ளையார் கோயில். தம்பி வெளிநாட்டில். கடைசியாக ஊருக்குப் போனது ஏழு வருடத்துக்கு முன், அம்மாவின் அந்தியேட்டிக்கு. அவள் குளத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். பிழை விட்ட இடத்தில் திருத்தினேன். என் முழு வாழ்க்கையும் பத்து நிமிடத்தில் முடிந்துபோனது. அந்தியேட்டி என்றால் என்ன என்று கேட்டாள், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்வது என்றேன். "அப்போ அம்மா இல்லையாக்கா ஒங்களுக்கு?" என்றாள். ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தும் அதை அவளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அட்டையைக் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்கு முன் புறப்பட்டோம். வழியெல்லாம் மழை. வானில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. நான் அவள் பக்கத்து சீற்றுக்கு மாறி இருந்தேன். அவள் உதடு மெல்ல அசைந்தது, தபாலதிபர், பிள்ளையார், தம்பி. இப்போது கேட்கலாம், அடுத்த வளைவில் கேட்கலாம் என்று நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சாவடி தெரிந்தது. அவள் முன்சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைவாசி எழுந்துவிட்டாள். மழைக்கோட்டு போட்ட சிப்பாய் ஒருவன் மட்டும் கொட்டிலுக்குள் நின்றான். காலையில் வந்தவன் இல்லை. நனைய விருப்பமில்லாமல், போ போ என்று கையை வீசினான். சாரதி நிறுத்தாமலே போனான். அவ்வளவுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மெதுவாக சீற்றில் இருந்தாள். அப்போதுதான் பார்த்தேன், கம்பியைப் பிடித்த விரல்களை மற்றக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அவளுக்குப் பயமில்லை என்று நாள் முழுக்க என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

அறைக்கு வந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே என் அட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவளுடையதை நான் கொடுத்தேன். ஏதாவது சொல்லாமல் படுக்க என்னால் முடியவில்லை.

"மறிச்சிருந்தால் நான் இறங்கியிருப்பன்," என்றேன்.

துவாயை முகத்திலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள்.

"தெரியும் அக்கா," என்றாள்.

அன்றைக்கு அவள் எனக்காகச் சொன்ன இரண்டாவது பொய் அது.