பிள்ளை ஷிப்ட் போட்ட ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி ரயிலில் வந்தது. வேறெங்கே வரும்? எங்கள் பாதி வாழ்க்கை அந்தக் காலை ரயிலில்தானே போகிறது. பங்காருபேட்டை நெருங்கும்போது பக்கத்து வீட்டுச் சாந்தி போன் செய்தாள். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று அழுதாள். பெட்டியில் இருந்த எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். எதிரே இருந்த பெரியவர், "யாரும்மா போனது?" என்று கேட்டார். ஒருத்தி தாழ்ப்பாள் என்றாள், ஒருத்தி போர்வை என்றாள், நான் பிள்ளை ஷிப்ட் என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிட்டோம். அவரிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள், நான் விட்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவும் நானும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதும் சேர்ந்துதான். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் லைன் வீடுகள் அப்பாக்கள் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் கட்டியவை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல். சுரங்கம் மூடிய பிறகு புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே ரயிலேறுகிற வீடுகள் அதிகம். தூங்கும் பிள்ளைகளை உள்ளே விட்டு, வெளியே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடுவோம். பள்ளிக்கூட நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் திறந்துவிடுவார். இதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஒருநாள் காலை ஸ்டேஷனுக்கு ஓடும்போது, சாந்தி வீட்டு ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கைகள் எங்களுக்கு டாட்டா காட்டின. அவள் மகள் பேபாவும் தம்பி எபியும் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். நானும் டாட்டா காட்டிவிட்டு ஓடினேன். அக்கா நின்றுவிட்டார். வாசலில் பூட்டு, உள்ளே பிள்ளைகள், எபி கையில் அடுப்பு பற்றவைக்கிற லைட்டர்! அன்று அக்கா ரயிலேறவே இல்லை. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தவர், சாயங்காலம் சாந்தி வரும்வரை அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாந்தி சும்மா விடுவாளா? "தொறந்து வுட்டா ரோட்டுக்கு ஓடும், வண்டி அடிக்கும். பூட்டிட்டுப் போனா இன்னா தப்பு? நீங்க வந்து பாத்துக்குவீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். லைனே கூடிவிட்டது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாத்துக்கறேன். நான் மட்டும் இல்ல, எல்லாரும் பாப்போம். பூட்டு திருடனுக்குடீ, பிள்ளைக்கு இல்ல" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் பிள்ளை ஷிப்ட். ஃபர்ஸ்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று கேட்டே வளர்ந்த ஊர் எங்களுடையது. அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஆண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. யாருக்கு லீவோ அவர் காலையில் லைன் நடுவே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எந்த வீட்டிலும் வெளிப்பூட்டு கூடாது. உள்தாழ்ப்பாளைக் கழற்றி, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் அடிக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் சுத்தியலோடு வந்து, சின்னப் பிள்ளையை நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லித்தான் ஆணி அடித்தார். என் வீட்டுக் கதவில் மூன்று ஓட்டை போட்டார். கேட்டால், "உன் பிள்ள குட்டை, நான் இன்னா பண்றது" என்றார்.

அதைவிடப் பெரிய கூத்து லெவல் ஆட்டம். சுரங்கத்துக்குள் போகும் பாதைக்கு லெவல் என்று பேர். அதில் புகை வந்தால் தரையோடு படுத்துத்தான் வர வேண்டும் என்று அக்காவின் அப்பா சொல்வாராம். சர்ச் ஹாலில் நீலப் போர்வை ஒன்றின் ஒரு முனையை அக்கா பிடிப்பார், மறுமுனையை நான் பிடிப்பேன். போர்வைதான் புகை. "பொகை!" என்று அக்கா கத்தியதும் பிள்ளைகள் தொப்பென்று விழுந்து, போர்வை முதுகில் படாமல் தவழ்ந்து, வெளியே குழாயடிக்கு ஓட வேண்டும். முதல் நாள் வெள்ளைக் கவுன்களெல்லாம் மண்ணானதில் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். சத்தம் கேட்டு வந்த ஆயரையும் அக்கா விடவில்லை. "நீங்களும் வாங்க ஐயா, பொகைக்கு ஆயர் யாரு, மணியடிக்கிற கோயில்பிள்ளை யாருன்னு தெரியாது!" ஆயர் அங்கியோடு தவழ்ந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் ஊரிகம்வரை கேட்டிருக்கும்!

கிறிஸ்துமஸ் வாரத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போனது. எங்கள் ரயில் போய்க் கொஞ்ச நேரத்தில், சாந்தி வீட்டு ஸ்டார் லைட்டின் ஒயர் பொசுங்கி, ஜன்னல் துணியில் தீ பிடித்தது. அன்று பிள்ளை ஷிப்ட் என் வீட்டுக்காரருக்கு. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால், எதிரே முழங்காலெல்லாம் கரியாக பேபாவும் எபியும்! "மாமா, எங்க வூட்ல நெஜமாவே பொகை" என்றாளாம் பேபா. அதற்கு அப்புறம்தான் அவர் கண்ணுக்குப் புகையே தெரிந்திருக்கிறது. ஓடிப்போய் மெயினை அணைத்தார், லைனே மண்ணை அள்ளிக் கொட்டியது. பாதி வீடு போயிற்று. பிள்ளைகள் மேல் ஒரு கொப்புளம் இல்லை.

சாயங்காலம் ஸ்டேஷனில் விஷயம் தெரிந்ததும் அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். பேபாவின் முன்னால் மூச்சிரைக்க உட்கார்ந்து, "தம்பிய முன்னாடி வுட்டியா, பின்னாடியா?" என்றார்.

"முன்னாடி."

"எதனா எடுக்க மறுபடி உள்ள போனியா?"

"போகல. கேக்கு உள்ளயே கீது அக்கா."

அக்கா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "என் பொண்ணு பாஸு! என் பொண்ணு பாஸு!" என்று லைன் முழுக்க ஓடினார். சாந்தி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகைதான். அந்தக் கதவில் பழைய பூட்டு தொங்கியிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எழுந்து போய் என் வீட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அடக்கத்தன்று அக்காவின் பெட்டித் தலைமாட்டில் மெழுகுவத்தி சாய்ந்து, லேஸ் துணி லேசாகப் பொசுங்கியது. பெரியவர்கள் அழுதுகொண்டிருந்தோம். எபிதான் பார்த்தான். "பொகை!" என்று ஒரு கத்து. அறையில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தொப்பென்று விழுந்து, எங்கள் கால்களுக்கிடையே தவழ்ந்து, குழாயடியில் போய் நின்றார்கள். சாந்தி தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அழுத முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம். அக்காவே கத்தியிருந்தால்கூட அவ்வளவு வேகமாகப் போயிருக்க மாட்டார்கள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நீலப் போர்வையைத்தான். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆட்டம் உண்டு. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனைக்கு ஆள் வேண்டும், வாங்க.