மலையடி வீட்டில் மாலி

எங்கள் சுரங்க ஊர் கோல்விக்கில் யாரும் பிறப்பதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கவும் யாருக்கும் வழியில்லை. பிரசவம் நெருங்கினால் விமானமேற்றித் தெற்கே, எங்கள் தீவுகளை ஆளும் நாட்டின் பெருநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் அதே விமானம்தான். மற்றபடி வடதுருவத்தை ஒட்டிய இந்த ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வர விசாகூட வேண்டாம். எந்த நாட்டுக்காரரும் வரலாம், சொந்தக் காலில் நிற்கும்வரை இருக்கலாம்.

தாய்லாந்திலிருந்து மாலி அப்படித்தான் வந்தாள். சுரங்க உணவகத்தில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, சில வருடங்களில் சமையலையே கையில் எடுத்துக்கொண்டாள். கலைமான் இறைச்சிக் குழம்பில் மிளகாயைப் போட்டு எங்கள் ஆட்களை மூக்கு சிந்த வைத்தாள். அவர்களில் ஒருவன் ஹால்வர். நிலக்கரி வெட்டுகிறவன், சுரங்க மீட்புக் குழுவிலும் இருந்தவன், அதிகம் பேசாதவன். அவனைக் கட்டிக்கொண்டு மலையடி வீட்டு வரிசையில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தாள்.

சுரங்கம் மூடிய பிறகு ஹால்வர் மறக்க ஆரம்பித்தான். முதலில் சாவி, பிறகு அடுப்பு. ஒருநாள் துப்பாக்கி எடுக்காமல் கடற்கரைப் பக்கம் நடந்துபோனான். கரடி நடமாடும் ஊரில் அப்படி யாரும் போவதில்லை. மாலி ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அதைப் பார்த்த நான், மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

“காட்டினா எழுதிடுவாங்க அக்கா. எழுதினா அவரை அனுப்பிடுவாங்க,” என்றாள்.

“நீயும் கூடவே போயேன்.”

“எந்த உரிமையில? இங்க எத்தனை வருஷம் இருந்தாலும் பெருநிலத்துல அது கணக்குல வராது. நான் இன்னும் தாய்லாந்துக்காரிதான். புருஷன் பேரைச் சொல்லி மனு போடணும். அதுக்குச் சம்பளம் காட்டு, வீடு காட்டுன்னு கேப்பாங்க. அவருக்கோ இப்பவே பாதி நாள் என் பேரு வரல. அந்த மனுவுக்குப் பதில் வர்றப்ப நான் யாருன்னு கேப்பாரு.”

அன்றிலிருந்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஜனவரியில் மழை பெய்தது. முன்பெல்லாம் உறைந்து கிடக்கும் வளைகுடா கறுப்பாக அலையடித்துக்கொண்டிருந்தது. பனிமேல் விழுந்த மழை கண்ணாடியாக இறுகியது. அடியிலிருந்த பாசியைத் தோண்ட முடியாமல் கலைமான்கள் ஊருக்குள் வந்து வீட்டுச் சுவர்களோரம் நின்றன, விரட்டினாலும் நகரவில்லை. பிறகு காற்று திரும்பியது. அந்த வழுக்குப் பாறைபோன்ற பரப்பின்மேல் புதுப்பனி கொட்டிக்கொண்டே இருந்தது. சூரியன் வராத மாதம். மலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தலைக்குமேல் அது கனத்துக்கொண்டிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

பனி சரியலாம் என்று மலையடி வரிசையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வேண்டும். அங்கே மருத்துவர், ஆளுநர் அலுவலக அதிகாரி உன்னி, ஊர் மொத்தமும் இருக்கும். ஹால்வரை அத்தனை கண்களுக்கு நடுவே எப்படி உட்கார வைப்பாள்? துறைமுகத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போகிறோம் என்று மாலி உன்னிக்குப் போனில் சொல்லிவிட்டாள். நானும் அதை நம்பினேன்.

மறுநாள் அந்தத் தோழியே மண்டபத்துக்கு ரொட்டி கொண்டுவந்தாள். மாலி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவள் விழித்தாள். மாலியைப் பார்த்தே ஒரு வாரமாகிறதாம்.

நான் உன்னியைத் தேடி எழுந்தபோது ஜன்னல்கள் அதிர்ந்தன. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. பிறகு விளக்குகள் அணைந்தன.

பனி சரிந்தது மலையடி வரிசைமேல்தான். அங்கே ஆளில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் உன்னியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாலி வீட்டுக்குள்ளே ரெண்டு பேர் இருக்காங்க.”

“போயிட்டோம்னு சொன்னாங்களே?”

“பொய். அவருக்கு மறதி நோய். தெரிஞ்சா அனுப்பிடுவீங்கன்னு மறைச்சா.”

உன்னி உடனே மண்வெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள்.

அவர்கள் வீடு தெருவைத் தாண்டித் தள்ளப்பட்டு, பாதி நொறுங்கிக் கிடந்தது. எங்கே தோண்டுவதென்று தெரியவில்லை. உன்னி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னாள். அப்போது கேட்டது: குழாயில் மூன்று தட்டல், இடைவெளி, மறுபடி மூன்று. எங்களோடு நின்ற பழைய சுரங்கக்காரர்கள் அந்த மீட்புக் குறியைக் கேட்டதுமே குனிந்து தோண்டத் தொடங்கினார்கள்.

சமையலறை மேசைக்கடியில் இருந்தான் ஹால்வர். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கை மாலியின் வாயருகே பனி விழாமல் குவிந்திருந்தது. அவள் இடுப்பெலும்பு முறிந்திருந்தது, மூச்சு இருந்தது.

“இந்தப் பொண்ணு யாருன்னு தெரியல. முதல்ல இவளை எடுங்க,” என்றான்.

அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லை. உன்னி மருத்துவமனைக்கு வந்து, கடுமையில்லாமல்தான் பேசினாள். ஆனால் விதி விதிதான். அந்த வாரமே அவனை விமானத்தில் ஏற்றினார்கள். மாலியால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. நான் வழியனுப்பப் போனேன். அவன் என்னோடு பணிவாகக் கைகுலுக்கி, சுரங்கத்தில் வேலை இருக்கிறதா என்று கேட்டான்.

மாலி தேறிவிட்டாள், தாங்கித் தாங்கி நடக்கிறாள். அவனிடம் போகக் கேட்டுப் போட்ட மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. நின்று சமைக்க அவளால் முடியாததால் உணவகத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இங்கே தொடர்ந்து இருக்க வருமானம் உண்டா என்று விசாரித்து ஆளுநர் அலுவலகத்திலிருந்து போன வாரம் போன் வந்தது. நன்றாக இருக்கிறேன், வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். என்னையும் கேட்பார்கள் என்கிறாள்.