ஏழாவது கொக்கி

இங்கே துவைத்த துணி காய்வதற்கு மூன்று நாள் ஆகிறது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள் முதல் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். மலேசியாவில் இந்தக் கேமரன் மலையில் டிசம்பர் பிறந்துவிட்டால் வெயில் விருந்தாளி மாதிரி வந்து கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறது. எட்டு மாதமான என் மகள் கயலின் சட்டைகள் சமையலறை ஜன்னலில், நாற்காலி முதுகில், ஸ்ட்ரோலர் கைப்பிடியில் என்று வீடு முழுக்கத் தொங்குகின்றன. தொட்டுப் பார்த்தால் ஈரமா, வெறும் குளிர்ச்சியா என்று தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று பக்கத்து வீட்டுப் பார்வதியக்கா சொல்லிக்கொடுத்தார். வந்து மூன்று வருடமாகிறது, இன்னமும் காலையில் எழுந்ததும் ஒவ்வொரு துணியாக எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். என் கணவர் சேகர் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார். அவருடைய முன்னோர் எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். விட்டுப்போன சொந்தம் எப்படியோ கடிதமும் ஃபோனுமாக ஒட்டிக்கொண்டிருந்து, கடைசியில் என் ஜாதகத்தில் வந்து நின்றது. இது ஒரே வெப்பம் உள்ள நாடு, குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார். அது கீழே சமவெளிக்குத்தான் பொருந்தும் என்பதைச் சொல்லவில்லை. வருடக் கடைசியில் மழையும் மூடுபனியும் சேர்ந்து மலையை மூடிக்கொள்ளும். அப்போது கம்பளிச் சட்டைக்குள் இருந்துகொண்டு நான் அந்தப் பேச்சை எடுப்பேன், அவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

கயல் பிறந்ததும் ஈப்போவிலிருந்து ஒரு ஸ்ட்ரோலர் வாங்கி வந்தோம். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "என்னத்தா இது, பிள்ளைய தள்ளுவண்டியில வச்சு விக்கவா போற?" என்றார். எங்கள் தெருவில் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கும், இடுப்பில் ஊரைப் பார்க்கும். கயலோ சக்கரம் உருண்டால் மட்டும் தூங்கினாள். நின்றால் விழித்துக்கொள்வாள். ஆகவே தினமும் காலை ஒன்பதரைக்கு மழைமூடியைப் போட்டு அவளைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்தத் தோட்டத்தின் மூலைமுடுக்கு எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறதென்றால் அதற்குக் காரணம் சரித்திர ஆர்வம் அல்ல, இவளுடைய தூக்கம்தான்.

ஆனாலும் பார்க்கப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. மூடுபனியில் பத்தடி முன்னால்தான் தெரியும். ஒரு கல் படிக்கட்டு வரும், மேலே வீடு இருக்காது. ஒரு குழாயடி வரும், தண்ணீர் இருக்காது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்து, பிறகு இடித்துவிட்ட லைன் வீடுகளின் சிமெண்டுத் தரை மட்டும் வரிசையாகக் கிடக்கும். எந்தச் சதுரம் யாருடைய அடுப்பங்கரை என்று நானே ஒரு குடும்பத்தைக் குடியேற்றிக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரோடு பக்கத்து டவுனான தானா ராத்தாவுக்குப் போவோம். கறுப்பு மரச்சட்டம் போட்ட வெள்ளைச் சுவர்க் கட்டடங்களுக்கு முன்னால் கோலாலம்பூர்க்காரர்கள் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் வேறு ஏதோ ஒரு நாட்டுக்கு வந்துவிட்ட பாவனை. அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே வேறு நாட்டுக்கு வந்தவள் நான்தான். ஆனால் ஸ்ட்ரோலரோடு தேயிலைச் செடி ஓரம் நின்றால் என்னைத்தான் உள்ளூர்க்காரி என்று நினைப்பார்கள். ஒருமுறை ஒரு சீன அம்மாள், உங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாக இங்கே கொழுந்து கிள்ளுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று வருடமாக என்றேன். நகைச்சுவை என்று நினைத்து, சிரித்தபடி எங்களை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இப்போது யாரும் கையால் கொழுந்து கிள்ளுவதில்லை. பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேராக ஒரு இயந்திரத்தைச் செடிக்கு இருபுறமும் பிடித்துக்கொண்டு சிரைத்துக்கொண்டே போகிறார்கள். அதன் இரைச்சல் மலை முழுக்கக் கேட்கும். கயலுக்கு அந்த இரைச்சல் தாலாட்டு. ஆனால் என்னைக் கண்டதும் அவர்கள் மரியாதையாக இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். சட்டென்று அமைதி. பிள்ளை கண்ணை விழித்துவிடும். பெரியவர் ஒருவர் கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்து, "பேபி திடூர்?" என்று கேட்பார். தூங்குகிறதா என்று மலாயில் கேட்கிறார். நீங்கள் நிறுத்தினதால்தான் எழுந்துவிட்டாள் என்று சொல்லுமளவுக்கு எனக்கு மலாய் வராது. தலையாட்டிவிட்டு நடப்பேன். என்னுடைய தலையாட்டலை நன்றி என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் தூரத்திலேயே அணைத்துவிடுவார்கள்.

தினமும் எங்கள் நேரம் பதினொரு மணிக்கு அம்மா கூப்பிடுவார். நான் வழிகாட்டி மாதிரி ஃபோனைத் திருப்பித் திருப்பித் தோட்டத்தைக் காட்டுவேன். கோயிலுக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் நீளமான தகரக் கொட்டகையை ஒருநாள் ஜன்னல் வழியாகக் காட்டினேன். உத்திரங்களில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். அந்தக் காலத்தில் இலைச் சாக்கைத் தொங்கவிட்டு நிறுக்கிற இடம் என்று நானாகவே விளக்கமும் கொடுத்தேன். அம்மா கொக்கிகளைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. கயல் இருமுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இருமல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அக்டோபரிலிருந்து பிள்ளைக்குச் சளி விடவில்லை. இந்த வயதில் வருவதுதான், நெஞ்சு தெளிவாக இருக்கிறது, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று தானா ராத்தா டாக்டர் சொன்னார். அம்மா சமாதானமாகவில்லை. தைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும், இரண்டு வயது முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். எனக்கும் அப்போது தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேலை கிடைப்பதாக இருந்தது. இரவெல்லாம் மடியில் வைத்து முதுகைத் தட்டித் தட்டி நான் ஓய்ந்து போயிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். போகும்போது மூன்று பேர், திரும்பும்போது இரண்டு பேர் என்று சேகர் டிக்கெட் போட்டார். உன் முடிவுதான் என்று சொன்னாரே தவிர, தன் முடிவு என்ன என்று வாயைத் திறக்கவில்லை. பேருக்காவது ஒரு சண்டை போட்டிருக்கலாம் என்று எனக்கு அவர்மேல் கோபம். உண்மையில் கோபம் என்மேல்தான். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வரச் சரியென்று சொன்னது என் வாய்தானே.

போன வாரம் புதன்கிழமை, கோயிலைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெயர்ந்து கிடந்த தாரில் மோதி ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் ஒன்று கழன்று ஓடி, தேயிலைச் செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. மூன்று சக்கரத்தில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கயல் விழித்து வீறிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரே கூரை அந்தத் தகரக் கொட்டகை. அதிசயமாக அன்று கதவு திறந்திருந்தது. உள்ளே பார்வதியக்கா நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குகிறவர், தானே கீரையும் தக்காளியும் போட்டுப் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் விற்கிறார். நாற்றுகளை வைத்துக்கொள்ளக் கிராணியிடம் இந்தக் கொட்டகையின் சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். தோட்டத்துக் கணக்கரை இங்கே இன்னமும் கிராணி என்றுதான் சொல்கிறார்கள்.

தோளில் போட்டேன், மடியில் போட்டேன், பாடினேன். அழுகை நிற்கவில்லை. அழுதால் இருமல், இருமினால் இன்னும் அழுகை. உடைந்த வண்டியைத் தூக்கித் தூக்கி உருட்டிப் பார்த்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என் துப்பட்டாவைக் கேட்டார். அது நனையாமல் ஸ்வெட்டருக்குள் இருந்தது. ஜன்னலோரம் போய், ஒரு கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். பிறகு துப்பட்டாவை அதில் மாட்டி முடிச்சுப் போட்டார்.

"ஒம் புருசன் தொங்குன கொக்கிதான் லா இது. பிள்ளயப் போடு" என்றார், இந்த ஊர்க்காரர்கள் எல்லாப் பேச்சிலும் சேர்க்கிற "லா"வோடு.

நான் இலை நிறுக்கிற கொக்கி என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது ஆயாக் கொட்டகையாம். விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்குப் போகிறவர்கள், தங்கள் பிள்ளைகளை இங்கே ஆளுக்கொரு கொக்கியில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு மலையேறுவார்களாம். கடைசியாக இங்கே ஆயாவாக இருந்தது பார்வதியக்காவேதான். பிள்ளை பசித்து அழுதால் அந்தத் தாயின் சேலைத் துண்டு ஒன்றை வெளியே கொடியில் போடுவார். மலையில் இருக்கிறவள் பார்த்துவிட்டு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். என் மாமியாரை நான் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அவருடையது மஞ்சள் துண்டாம்.

மூடுபனியில் துணி எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாதுல்ல. தகரத்தத் தட்டுவோம். மொத கொக்கின்னா ஒரு தட்டு, ரெண்டாவதுன்னா ரெண்டு. சேகரு ஏழு. ஏழு தட்டி முடிக்கிறதுக்குள்ள ஒம் மாமியா பாதி மலை எறங்கியிருப்பாங்க லா. கூடைய அப்புடியே போட்டுட்டு வந்து, கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவாங்க."

இதை ஒரு பெரிய விஷயமாக அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். நான் துப்பட்டாவை ஆட்டிக்கொண்டு நின்றேன். கயல் இரண்டு முறை விம்மினாள், ஒருமுறை இருமினாள், பிறகு தூங்கிவிட்டாள். சக்கரம் இல்லாமல் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். வெளியே தேயிலை, கோயில், சாலை எல்லாம் கரைந்து வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கூடையைப் போட்டுவிட்டு ஒரு பெண் ஓடி வருகிற மாதிரி இருந்தது. முகம் தெரியவில்லை. நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணினேன். அருப்புக்கோட்டையில் கயல் அழுது, அம்மா எத்தனை தட்டுத் தட்டினால் எனக்கு இங்கே கேட்கும் என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே நின்று அழுதேன். அக்கா பார்க்காத மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

சேகருக்கு ஃபோன் செய்து, திரும்பி வரும்போதும் மூன்று பேர் என்றேன். தொழிற்சாலைச் சத்தத்துக்கு மேலே, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று கத்தினார். ஸ்ட்ரோலர் சக்கரம் கழன்றுவிட்டதைச் சொன்னேன். தன்னால் சரிசெய்ய முடிந்த ஒரு பழுது கிடைத்ததென்று அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு அம்மா கூப்பிட்டார். தூங்குகிற பிள்ளையைக் காட்டிவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மா, பிள்ளைய அங்க விடல. மூணு பேரும் வருவோம், மூணு பேரும் திரும்பிருவோம்."

அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து, தொட்டில் கட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு இலை நிறுக்கிறதுன்னு காட்டுனியே, அந்தக் கொக்கியா?"

"ஆமாம்மா."

"பலமா இருக்கா? இழுத்துப் பாத்தியா?"

அக்கா தொங்கியே பார்த்துவிட்டார் என்றேன். அம்மா தலையாட்டினார். பிறகு மெதுவாக எழுந்து ஃபோனைத் திருப்பினார். எங்கள் வீட்டு நடுக்கூடம், மஞ்சள் வெயில். விட்டத்தில் தன் பழைய நூல் சேலையில் தொட்டில் கட்டி வைத்திருந்தார். எப்போது கட்டினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மின்விசிறிக் காற்றில் அது காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"அவுக்கல. இப்படியே கெடக்கட்டும்" என்றார்.

திரையில் பெரிதாக அந்தத் தொட்டில், மூலையில் சின்னக் கட்டத்துக்குள் என் துப்பட்டாத் தொட்டில். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. என் கைக்கு எட்டியது ஒன்றுதான்.