மேப்பில் காணாமல் போன மெத்தைக் கடை

திருநின்றவூரில் நான் குடியிருக்கும் தெருவில் என்னை வேலைவெட்டி இல்லாதவள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். காலையில் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடும்போது நான் நைட்டியோடு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். கீழ்வீட்டு அம்மா தன் கூரியரை வாங்கி வைக்கச் சொல்வார், கேஸ் சிலிண்டர் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்வார். "நீ ஊட்லதானே சும்மா கீறே" என்பார். நான் வெப்சைட் செய்கிறவள். அம்பத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு லேப்டாப்பையும் ஒரு மடக்கு மேசையையும் வைத்துக்கொண்டு தனியாளாகச் செய்கிறவள். இதை விளக்கி விளக்கி அலுத்துப்போய், சிலிண்டரை வாங்கி வைப்பதே சுலபம் என்று விட்டுவிட்டேன்.

வெப்சைட் செய்வது இந்தத் தொழிலில் சுலபமான பாதி. செய்ததைத் தேடுபொறியின் கண்ணில் பட வைப்பதுதான் மீதிப் பாதி, அதில்தான் உயிர் போகும். மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் தன் பட்டறைக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்திருந்தார். அந்தப் பெயரைத் தட்டினால் முதலில் தன் பட்டறைதான் வர வேண்டும் என்றார். தட்டினால் கோயில் வந்தது, கோயிலுக்குக் கீழே கும்பாபிஷேக வீடியோ வந்தது. சாமியைக் கீழே இறக்கிவிட்டு உங்களை மேலே ஏற்ற என்னால் ஆகாது என்று அவருக்குப் புரியவைக்க ஆறு மாதம் பிடித்தது. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரில் பெயர். இத்தனையும் கேட்டுக்கொண்டு கோபம் வராமல் இருப்பவர் யாராவது இருந்தால் அவரைப் பார்க்க எனக்கு ஆசை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் செய்யும் ஒவ்வொரு வெப்சைட்டின் அடியிலும், எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில் 'வடிவமைப்பு' என்று போட்டு என் பெயரைச் சேர்ப்பேன். யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் படிப்பதில்லை. இருந்தாலும் அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

பூந்தமல்லி மெத்தைக் கடை பாய்தான் முதன்முதலில் அந்தப் பெயரைக் கவனித்தவர். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை போட்டு விற்கிற கடை. பாய் வியாபாரம் பார்ப்பார், அவருடைய மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து உறை தைப்பார், கூட இரண்டு பெண்கள் தைத்தார்கள். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வெப்சைட்டை முடித்துக் காட்டியபோது பாய் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போய் நின்றார்.

"நம்ம கடைக்கு அடியில இன்னாத்துக்குமா ஒன் பேரு? கஸ்டமரு ஒன்கிட்ட மெத்த கேட்டுக்கினு வந்துடப் போறான்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே பெயரை எடுத்துவிட்டேன். வண்டியில் வீடு திரும்பும்போது ஆவடி வரைக்கும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு சாலை வேலைக்காகக் கடை வாசலில் தகரத் தடுப்பு போட்டார்கள். வண்டி நிறுத்த இடமில்லை, நடந்து வரவும் வழியில்லை. பாய் கடையைக் காலி செய்துகொண்டு சென்னீர்குப்பத்தில் பைபாசிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்துக்குப் போனார். அந்தச் சந்தில் ஆடு மாடு தவிர யாரும் தற்செயலாக வர மாட்டார்கள். ஆகவே மேப்பில் கடையின் இடத்தை மாற்றி, புதிய படங்கள் போட்டு, 'மெத்தைக் கடை' என்று பக்கத்தில் யார் தேடினாலும் இந்தக் கடை தெரியும்படி நான் மாதக்கணக்கில் வேலை செய்தேன். வேலை பலித்தது. அம்பத்தூரிலிருந்தும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அது திரும்பச் சொன்ன இடத்தில் எல்லாம் திரும்பி, ஜனங்கள் அந்தச் சந்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. மெத்தை வாங்கியவர்கள் கருத்து எழுதுவதற்காக நான் ஒரு கார்டு அடித்துக் கொடுத்திருந்தேன். அதிலுள்ள க்யூஆர் கோடை போனில் காட்டினால் கடைக்கு நட்சத்திரம் போடுகிற பக்கம் திறக்கும். வாங்கியவர்களிடம் மட்டும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாய் தலையாட்டியிருந்தார். மார்கழி பிறந்த வாரம் அவருடைய தங்கை மகளுக்கு நிக்காஹ். எனக்கும் அழைப்பு. நிக்காஹ் முடிந்து சாப்பிட உட்கார்ந்தால், ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் என் கார்டின் ஜெராக்ஸ். பாய் மைக்கைப் பிடித்து, பிரியாணி வருவதற்குள் எல்லோரும் நம் கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டுவிட வேண்டும், மண்டபத்து வைஃபை இலவசம் என்று அறிவித்தார்.

நான் எழுந்து தடுத்திருக்க வேண்டும். ஒரே மண்டபத்திலிருந்து, ஒரே வைஃபையில், ஒரே அரை மணி நேரத்தில் அத்தனை பேர் புகழ்ந்தால் தேடுபொறிக்குச் சந்தேகம் வரும் என்பது என் தொழிலில் பாலபாடம். ஆனால் பட்டுச் சேலைகளும் வெள்ளைத் தொப்பிகளுமாக ஒரு மண்டபமே நான் செய்த ஒன்றின் மேல் குனிந்திருந்ததை அன்றுவரை நான் பார்த்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எதிரில் இருந்த பெரியவருக்கு ஸ்கேன் செய்ய வரவில்லை என்று, நானே அவர் போனை வாங்கிச் செய்து கொடுத்தேன். மெத்தைக் கடைக்கு வந்த கருத்துகளை வீட்டுக்கு வந்து படித்தேன். 'மணமக்கள் நீடூழி வாழ்க' என்று ஒன்று. 'மாப்பிள்ளை வீட்டாரைக் கவனித்த விதம் அருமை' என்று ஒன்று. 'பிரியாணி பிரமாதம், ஏசிதான் போதவில்லை' என்று இன்னொன்று. எல்லாம் ஐந்து நட்சத்திரம்.

நான்காம் நாள் பாய் போன் செய்தார். "இன்னாமா, கடையக் காணோம்" என்றார். ஆவடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் பழைய கடை வாசல் தகரத் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, மேப்பில் கடையே இல்லையே என்று அவருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன். இல்லை. பெயர், படங்கள், பழைய வாடிக்கையாளர்கள் வருஷக்கணக்காக எழுதிய நல்லதும் கெட்டதும் எல்லாம் போயிருந்தது. விதிமீறல் காரணமாக நிறுத்தி வைத்திருப்பதாக மெயில் வந்திருந்தது.

மார்கழியில் காணாமல் போவது மெத்தைக் கடைக்கு எத்தனை பெரிய அடி என்று சொல்ல வேண்டும். தையில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் கட்டில், பீரோ, மெத்தை என்று சீருக்குச் சொல்லிவைப்பது மார்கழியில்தான். அந்த ஒரு மாத ஆர்டரில்தான் கடை அடுத்த மார்கழி வரை ஓடும். தை பிறப்பதற்குள் மேப்பில் திரும்ப வராவிட்டால் கடையை மூடிவிட்டு எங்காவது கணக்கெழுதப் போக வேண்டியதுதான் என்று பாய் சொன்னபோது அவர் குரலில் விளையாட்டே இல்லை.

கோபத்தில் அன்றே ஒரு மேல்முறையீடு எழுதி அனுப்பினேன். கடை உண்மையில் இருக்கிறது என்பதற்கு வீடியோ கேட்டுப் பதில் வந்தது. தெருவிலிருந்து தொடங்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, கடையைத் திறந்து உள்ளே நடக்கும் வேலை வரைக்கும், நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் போனேன். போய் நின்று மேலே பார்த்தால் கடைக்குப் பெயர்ப்பலகையே இல்லை. உள்ளே எத்தனையோ முறை உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன்.

"மேப்புதான் கூட்டியாருதே, போர்டு எதுக்குன்னு வுட்டுட்டேன்" என்றார் பாய்.

பழைய பலகை அவர் வீட்டு மொட்டை மாடியில் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. என் வேலையை ஒரு மனிதர் இவ்வளவு நம்பியிருக்கிறாரே என்று அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதற்குள் பாயின் மைத்துனர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மேப்பில் கடைக்குப் புதிதாக ஒரு பதிவு போட்டு, இரண்டே நாளில் எங்கிருந்தோ நட்சத்திரங்களையும் வரவழைத்துத் தருவாராம். பாய் பாதி சம்மதித்துவிட்டார். நான் கத்திவிட்டேன். பொய்யால் வந்த வினையைப் பொய்யால் தீர்க்கப் போனால் அடுத்த முறை கடையின் பெயரே நிரந்தரமாகப் போகும், அப்படித்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, கல்யாணத்தில் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என் தப்பு என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் தாங்கள் எழுதியதை அவரவர் கையாலேயே நீக்க வேண்டும், அதன் பிறகு நடந்ததை நடந்தபடி எழுதி வீடியோவோடு அனுப்பலாம் என்றேன்.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. வாழ்த்தியவர்களைக் கூப்பிட்டு வாழ்த்தைத் திரும்ப எடு என்று எப்படிச் சொல்வது? வைத்த மொய்யைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி ஆகாதா? அதுவும் மாப்பிள்ளை வீட்டாரை? கல்யாணம் முடிந்து வாரம்கூட ஆகவில்லை. தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மிஷின் சத்தம் நின்றது. அக்கா எழுந்து வந்து பாயின் கையிலிருந்த போனை வாங்கினார். முதல் அழைப்பே மாப்பிள்ளையின் அம்மாவுக்கு. நலம் விசாரித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "சம்பந்தி, நம்ம கடைல நீங்க இன்னும் மெத்த வாங்குனதில்ல. வாங்கிப் படுத்துப் பாத்துட்டு, நல்லாக்கீதுன்னா அப்பறம் எழுதுங்க. இப்ப எழுதுனத்த எடுத்துடுங்க. கடைக்குக் கஷ்டமாக்கீது."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த அம்மா, எப்படி நீக்குவது என்று கேட்டார். அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

மூன்று நாள் இதே வேலை. அக்கா பேசுவார், நான் எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்வேன். சிலருக்குக் கோபம் வந்தது, சிலர் எழுதியதே மறந்துவிட்டது என்றார்கள். மண்டபத்தில் நான் ஸ்கேன் செய்து கொடுத்த பெரியவர் பஸ் ஏறி நேரே கடைக்கு வந்து, நீதானே போட்டாய், நீயே எடு என்று போனை என் மடியில் வைத்தார். எடுத்துக் கொடுத்தேன்.

ஆட்டுக் கொட்டகையிலிருந்து பலகையை இறக்கி, தேய்த்துக் கழுவி, பழைய முகவரியின் மேல் புதியதை எழுதி ஒட்டி மாட்டினோம். வீடியோ எடுப்பது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. முதல் தடவை பாய் ஷட்டரைத் திறக்காமல் கேமராவைப் பார்த்து சலாம் சொல்லி உரையாற்றத் தொடங்கினார். இரண்டாவது தடவை தண்ணீர் லாரி வந்து சந்தை அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை ஷட்டர் வரைக்கும் எல்லாம் சரியாக வந்து, அங்கே பாய் சாவியைக் காணோம் என்று பையைத் தடவினார். நான்காவது தடவை சாவியை அக்கா வாங்கிக்கொண்டார். பைபாஸ் முனையிலிருந்து நான் போனைப் பிடித்தபடி பின்னால் நடக்க, அவர் முன்னால் நடந்து, பலகைக்குக் கீழே ஒரு நொடி நின்று, ஷட்டரைத் தூக்கி, உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார். கேமராவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதை அனுப்பினேன்.

எட்டு நாள் கழித்து, காலைப் பதினோரு மணிக்கு, நான் கீழ்வீட்டு அம்மாவின் சிலிண்டரை வாங்கிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. கடையைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். நான் போட்ட கூச்சலில் சிலிண்டர்காரர் பயந்துபோய், எடையைச் சரிபார்த்துத்தான் கொண்டுவந்தேன் என்றார். பாய்க்குப் போன் செய்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பழைய ஜனங்கள் எழுதியதெல்லாம் இருக்கிறதா என்று. இருந்தது. உறை கிழிந்துவிட்டது என்று ஒருவர் எப்போதோ கொடுத்த ஒற்றை நட்சத்திரம்கூட அப்படியே இருந்தது. அன்று மாலையே பட்டாபிராமிலிருந்து ஒரு குடும்பம் மேப்பைப் பார்த்து வந்து, மகள் கல்யாணத்துக்கு இரட்டை மெத்தை சொல்லிவிட்டுப் போனதாம். மார்கழி முடிவதற்குள் தைக்க ஆள் போதாமல் அக்கா இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்த வாரம் கடைக்கு வரச் சொன்னார்கள். புதுப் பலகை மாட்டியிருந்தது, பெயிண்ட் வாசனை சந்து முழுக்க அடித்தது. இந்த முறை தலையைத் தூக்கி நன்றாகப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பலகை எழுதுகிற ஓவியர்கள் வலது மூலையில் பொடி எழுத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'மேப், வெப்சைட்' என்று போட்டு என் பெயர் இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். "போர்டு எழுதுனவரு பேரு இருக்கசொல்லோ ஒன் பேரு இருந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு அவர் துணியை மடிக்கப் போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். பாய் மட்டும் பலகையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"கஸ்டமரு ஒன்கிட்ட மெத்த கேட்டுக்கினு வந்தா, இங்க அனுப்பி வுடு" என்றார்.