நற்சான்றில் இருந்த ஒரு சொல்

எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி எழுதுகிறேன். அண்ணே என்றுதான் அவரை அழைப்பேன். பினாங்கிலிருந்து மிளகு ஏற்றுமதி செய்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் மேல்மாடியில் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதும் குமாஸ்தா. நான் கீழே கிடங்கில் மூட்டைகளை எடைபோட்டு, அவற்றின் மேல் ஆங்கிலத்தில் குறி எழுதுபவன். சூலியா தெருவில் ஒரே அறையில் நாலு வருடம் இருந்தோம். எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பீச் ஸ்ட்ரீட்டில் வேறொரு கம்பெனிக்குக் கிராணி தேவை என்று கேள்விப்பட்டேன். போவதற்குத் துரையிடம் நற்சான்று கேட்டேன். அண்ணன் அதைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நாலு வரி. பாதி புரிந்தது. கடைசி வரியில் என் வேலை ‘ஃபேர்’ என்றிருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம் அண்ணே?"

"நியாயம். நேர்மையான வேலைக்காரன்னு துரை எழுதியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளுத்த சட்டை இரவல் வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன்.

அங்கிருந்த தலைமைக் கிராணி வயதான தமிழர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மேசை மேலிருந்த மூன்று மிளகுத் தகர டப்பாக்களை என் பக்கம் நகர்த்தினார். ஒவ்வொன்றிலும் மிளகின் தரம் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. முதல் தகரத்தில் மணி மணியாக நல்ல மிளகு. மூன்றாவதில் பாதி உமி. நடுத் தகரத்தின் சீட்டை விரலால் தொட்டார். ஃபேர்.

"சுமார் தம்பி. தள்ளவும் முடியாது, மெச்சவும் முடியாது. இந்தக் கடிதத்தை வச்சு எங்க துரைகிட்ட நான் எப்படிப் பேச?"

வெயிலில் நடந்தே அறைக்குத் திரும்பினேன். அண்ணன் வேலை முடிந்து வரும்வரை சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஃபேர்னா நியாயம்னு சொன்னீங்க."

"நியாயம்தான்." பெட்டியிலிருந்து அகராதியை எடுத்தார். "பாருடா. பொண்ணுக்குப் போட்டா சிவப்புன்னு அர்த்தம். வானத்துக்குப் போட்டா மழை இல்ல, தெளிவா இருக்கு. அடிச்சுத் திருத்தினதைச் சுத்தமா திருப்பி எழுதினா, அந்தப் பிரதியும் ஃபேர்."

பாடம் சொல்லிக்கொடுக்கும் அதே குரல். நிறுத்தி நிறுத்தி, நான் எழுதிக்கொள்ள இடம்விட்டுச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"வேலைக்குப் போட்டா?"

அகராதியை மூடினார்.

"துரையா இந்த வார்த்தையைச் சொன்னாரு அண்ணே?"

"நீயே எழுதிட்டு வான்னு என்கிட்ட சொன்னாரு. கையெழுத்து மட்டும்தான் அவரோடது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நான் போய்விட்டால் ஆங்கிலத்தில் குறி எழுதத் தெரிந்த ஒருவர் கிடங்குக்கு வேண்டும். துரை அவரைத்தான் கீழே இறக்குவார். "எனக்கு அந்தத் தூசி ஆகாதுடா. ஆனா பொய் எழுதல. பொய் எழுத எனக்கு மனசு வரல."

பொய் எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், ஒருவேளை மன்னித்தும் இருப்பேன். எனக்கு ஓர் அர்த்தமும் ஊருக்கு வேறோர் அர்த்தமும் காட்டும் சொல்லாகப் பார்த்து, உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு எந்தச் சொல் தெரியும், எது தெரியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அந்த வாரமே கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் ஒரு வீட்டின் பின்கட்டுக்குக் குடிமாறினேன். கிடங்கில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை கிடைத்தது. கடிதம் எதுவும் கொண்டுபோகவில்லை. மேனேஜர் முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டினேன்.

அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது பல வருடம் கழித்து, பினாங்கிலிருந்து அக்கரைக்கு, பட்டர்வொர்த் போகும் படகில். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருக்கேன்" என்று தமிழிலேயே சொன்னேன். கரை வரும்வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.